புதிய நீர்த்தேக்கம்: படகுக்கும் பறவைக்கும் இடம் பிரிப்பது எப்படி?

வணக்கம். இங்கிலாந்தில் அபிங்டன் பக்கம் குடியிருக்கிறேன். அருகே 15 கோடி கன மீட்டர் கொள்ளளவில் நீர்த்தேக்கம் கட்டத் திட்டமிடுகிறார்கள்; கருத்து எழுதித் தர வேண்டும். மகனுக்குப் பாய்மரப் படகு, எனக்குப் பறவைகள். வீட்டிலேயே சண்டை!

இங்கிலாந்திலேயே உள்ள இன்னொரு பெரிய நீர்த்தேக்கமான ரட்லண்ட் வாட்டரில் ஓரமாகத் தனிக்கரை போட்டு ஆழமில்லாத குளங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். பெரிய ஏரியில் மட்டம் இறங்கினாலும் அங்கே தண்ணீர் நிற்கும். 1996இல் ஸ்காட்லாந்திலிருந்து விராலடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் பெரிய வேட்டைப் பறவை) குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2001இல் குஞ்சு பொரித்தன. படகும் ஓடுகிறது.

சரி, இங்கே வரப்போவது சுற்றிலும் உயர்த்திய மண்கரை. அந்தச் சரிவில் நாணல் பிடிக்குமா? குளிர்கால வாத்துகளுக்காகப் படகுகளை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கச் சொல்லலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.