மூட்டுத் தேய்மானம்: ஊசி போட்டு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: காவிரிக்கரை

என் தாயாருக்கு வயது 63. ஆறு ஆண்டுகளாக இரண்டு முழங்கால்களிலும் வலி இருக்கிறது. வலது காலில் சற்றுக் கூடுதல். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டுத் தேய்மானம் மூன்றாம் நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள். எடை 78 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்; கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1. வாசலில் குனிந்து கோலம் போடுவதை நிறுத்தி ஓராண்டு ஆகிறது, மாடிப்படியைக் கைப்பிடி இல்லாமல் இறங்க முடிவதில்லை. ஆனால் அறுவை சிகிச்சை என்ற சொல்லை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறார்.

மூன்று இடங்களில் காட்டினோம். முதல் மருத்துவர் சில நூறு ரூபாயில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார். இரண்டாமவர் 18,000 ரூபாய்க்கு ஒரே தவணையில் ஜெல் ஊசி போடலாம் என்றார். மூன்றாவது இடத்தில், அம்மாவின் இரத்தத்திலிருந்தே தயாரிக்கும் பி.ஆர்.பி. ஊசியை மூன்று முறை போட்டால் தேய்ந்த ஜவ்வு மீண்டும் வளரும் என்று கூறி, 45,000 ரூபாய் கேட்டார்கள். விலை அதிகமானால் மருந்தும் நல்லதாகத்தான் இருக்கும் என்பது அம்மாவின் கணக்கு. இவற்றில் எது உண்மையிலேயே பயன் தரும், எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஓய்வு பெற்ற ஆசிரியர்

எனக்கு வயது 71, எனக்கும் சர்க்கரை உண்டு. பேத்தியின் திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வலது முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். நான்காம் நாளிலிருந்து வலி நன்றாகக் குறைந்தது. மண்டபத்தில் இரண்டு நாளும் நின்றே விருந்தினரை வரவேற்றேன். ஆனால் ஊசி போட்ட மறுநாள் சர்க்கரை 340-க்கு ஏறியதையும், அது பழைய நிலைக்கு இறங்க ஐந்து நாள் ஆனதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்படி ஏறக்கூடும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் ஊசி பத்து வாரம் தாங்கியது. அடுத்த ஆண்டு போட்டுக்கொண்டது நான்கு வாரம்கூடத் தாங்கவில்லை. அதன் பிறகு ஜெல் ஊசியும் போட்டுப் பார்த்தேன். எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை, ஆனால் அதே ஊசியைப் போட்டுக்கொண்ட எதிர்வீட்டுக்காரர் இன்றும் அதைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்.

மறுமொழி 2: எலும்பு மூட்டு மருத்துவர்

தங்கள் தாயாரை நேரில் பார்க்காமல் இன்ன ஊசி போடுங்கள் என்று நான் சொல்ல இயலாது. மூன்றைப் பற்றியும் ஆய்வுகள் என்ன கூறுகின்றன என்பதைச் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு மூட்டின் உள்ளுறையில் உள்ள அழற்சியைத் தணிக்கிறது. ஆகவே மூட்டு வீங்கிச் சூடாக, நீர் கோத்து இருக்கும் நாள்களில் அது நன்றாக வேலை செய்யும். பலன் பெரும்பாலும் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரை. ஆனால் அதை வழக்கமாக்கிக்கொள்வது தவறு. அமெரிக்காவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 140 பேரைப் பிரித்து ஒரு பிரிவினருக்கு டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராமும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் செலுத்தினார்கள். மருந்து பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு (தாங்கள் ஜவ்வு என்று குறிப்பிட்டது) கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலியிலோ இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆசிரியர் ஐயா சொன்ன சர்க்கரை உயர்வு எதிர்பார்க்கக்கூடியதே. சராசரி 8.1 உள்ள ஒருவருக்கு நான் அவசரப்பட்டு இதைப் போட மாட்டேன். போட்டாலும் முதல் ஒரு வாரம் வீட்டிலேயே தினமும் சர்க்கரையைப் பார்க்கச் சொல்வேன்.

ஜெல் என்பது ஹயலுரானிக் அமிலம். மூட்டு நீருக்கு வழுவழுப்பைத் தரும் இப்பொருள் தேய்மானத்தில் நீர்த்துப் போவதால் வெளியிலிருந்து ஊற்றி ஈடுகட்டலாம் என்ற எண்ணம் கேட்பதற்கு மிகப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. (முதலில் வந்த ஜெல்களைச் சேவலின் கொண்டையிலிருந்து எடுத்தார்கள் என்று சொன்னால் சைவ நோயாளிகள் சிலர் திடுக்கிடுவார்கள், இப்போது நுண்ணுயிரைக் கொண்டு தயாரிப்பவையும் கிடைக்கின்றன.) ஆனால் 169 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வெளியான தொகுப்பில், நூறு புள்ளி கொண்ட வலி அளவில் மருந்தில்லாத போலி ஊசியைவிட இது குறைத்தது ஏறத்தாழ இரண்டு புள்ளிதான். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அதே ஆண்டு இந்த ஊசியை அளிக்க வேண்டாம் என்று வழிகாட்டியது. அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கமும் வழக்கமான சிகிச்சையாக இதைப் பரிந்துரைப்பதில்லை. எதிர்வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்பதல்ல. உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைவதை ஆய்வுதோறும் பார்க்கிறோம். வலி தானே ஏறி இறங்கும் நோய் இது.

பி.ஆர்.பி. குறித்து மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. சிறிய ஆய்வுகள் பல நம்பிக்கை தருகின்றன. ஆனால் ஆஸ்திரேலியாவில் 288 பேரைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஊசிக்குப் பின் ஓராண்டு கழித்தும் வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் உப்புநீரோடு ஒப்பிடக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகிறது, ஆகவே ஒரு கூடத்தில் பெறுவதும் இன்னொரு கூடத்தில் பெறுவதும் ஒரே மருந்தல்ல. வலி குறையலாம் என்று சொல்லிப் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஜவ்வு வளரும் என்று சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த ஊசியானாலும், போட்ட பின் மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அறுவை சிகிச்சை நெருங்கினால், கடைசி ஊசிக்கும் அதற்கும் மூன்று மாத இடைவெளியாவது விடுவது வழக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. 2020-இல் வந்த ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிட இயன்முறைப் பயிற்சி செய்தவர்களுக்கே ஓராண்டு முடிவில் வலி குறைவாக இருந்தது. மூன்று இடங்களில் எங்காவது தாயாரின் முழங்காலைத் தாங்கும் தொடைத் தசையைத் தொட்டுப் பார்த்தார்களா?

மறுமொழி 3: திண்டுக்கல்காரி

ஐந்து ஆண்டுகள் ஊசி ஊசியாகப் போட்டுவிட்டு, 66 வயதில் இரண்டு முழங்கால்களையும் மாற்றிக்கொண்டவள் நான். அறுவை சிகிச்சைக்குப் போனபோது வலது கால் வில்லாக வளைந்து, நீட்ட முடியாமல், தசையெல்லாம் மெலிந்துவிட்டிருந்தது. எழுந்து நடக்கப் பிறரைவிட எனக்குக் கூடுதல் காலம் பிடித்தது அதனால்தான் என்று சொன்னார்கள். இப்போது சந்தைக்குத் தனியாகப் போய் வருகிறேன், ஆனால் தரையில் சம்மணமிட்டு உட்காருவதில்லை. செலவை எண்ணி அஞ்ச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்: 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவிலை விதித்து, பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகையை 54,720 ரூபாய்க்கு இறக்கியது. மருத்துவமனைக் கட்டணம் தனி.

மறுமொழி 4: காவிரிக்கரை

மூவருக்கும் நன்றி. டாக்டர் கேட்ட கேள்விக்கு விடை, இல்லை, ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. பி.ஆர்.பி.க்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்து பார்ப்பது என்று வீட்டில் முடிவு செய்தோம். பேச்சை மாற்றாமல் அம்மா இம்முறை முழுவதையும் கேட்டார். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சியின்போதே வலிக்கிறது என்கிறார். நிறுத்தச் சொல்லலாமா?

மறுமொழி 5: எலும்பு மூட்டு மருத்துவர்

நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். தாங்கக்கூடிய வலியாக இருந்து, மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் வீக்கம் இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்கி, காலை முழுவதும் நீட்டாமல் பாதிவரை உயர்த்தி ஐந்து வினாடி மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து எப்படியிருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள்.