“யாரும் தொட்டதில்லை” என்றால் அதில் ஆசிரியரும் அடக்கமா?

மரப்பாச்சி:
நேற்று பனையோலை எழுதிய வரி இது: “2023 வரை ரோல் டாலின் புத்தகத்தில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொட்டதில்லை. குழந்தைப் புத்தகத்தில் குற்றம் தேடுவது இன்றைய பெற்றோரின் வியாதி.” படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் டாலின் ‘சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்’ 1964இல் வந்தபோது, அங்கே வேலை செய்யும் குள்ளர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பிக்மிகள். கண்டனம் எழுந்தது. 1973 பதிப்பில் அவர்களுக்கு வெளுத்த தோலும் பொன்னிற முடியும் வந்துவிட்டன, ஊர் ஒரு கற்பனை நாடாகிவிட்டது. மாற்றியவர் டாலேதான். ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடவில்லையா?

சிறுவயதில் ஏழெட்டு முறை படித்த புத்தகம். இப்போது ஏழு வயது மகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அந்த மக்கள் அனைவரையும், ஆண், பெண், குழந்தை ஒருவர் விடாமல், துளையிட்ட பெட்டிகளில் அடைத்துக் கடத்திவந்ததாகத் தொழிற்சாலை முதலாளி வோங்கா பெருமையாகச் சொல்கிறார். “பாப்பாவும் பெட்டிக்குள்ளேயா?” என்று கேட்டாள். சூயிங்கத்தை இருபது பேரிடம் சோதித்தேன், இருபது பேரும் புளூபெர்ரியாகிவிட்டார்கள் என்கிறார். “திரும்ப மனிதராக ஆனார்களா?” என்றாள். புத்தகத்தில் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இது வியாதி என்றால் அது என் மகளுக்கும் இருக்கிறது.

பனையோலை:
அம்மா, நான் எழுதியது “யாரும்” என்று. ஆசிரியர் தன் எழுத்தைத் திருத்துவது தொடுவது ஆகாது. வீட்டுக்காரர் தன் வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுவதும், அவர் இறந்த பிறகு அயலார் புகுந்து இடிப்பதும் ஒன்றா? டால் 1990இல் காலமானார். 2023இல் பதிப்பகம் உள்ளே புகுந்து, அதே கதையில் வரும் குளூப் என்ற சிறுவன் “குண்டாக” இருந்ததை “மிகப் பெரியவனாக” மாற்றியது. நான் பேசியது அதைப் பற்றி. முப்பது வருடமாகக் குழந்தைப் புத்தகம் சேர்ப்பவனுக்கு 1973ஐப் பற்றி நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

மரப்பாச்சி:
தெரிந்திருந்தும் “யாரும்” என்று எழுதினீர்கள் என்றால் அது இன்னும் மோசம். “யாரும்” என்றால் யாரும்தான். அதில் ஆசிரியர் இல்லை என்று எந்த இலக்கணம் சொல்கிறது?

கடைசிப்பெஞ்சு:
இருவருக்கும் ஒன்று. குழந்தைகள் கதையைத்தான் பார்க்கிறார்கள். தோல் நிறம், சம்பளம், நீதி எல்லாம் பெரியவர்களின் தலைவலி. நானும் இவற்றைப் படித்துத்தான் வளர்ந்தேன். கெட்டுப்போகவில்லை.

நிலாச்சோறு:
கெட்டுப்போனவர் யாரும் தாம் கெட்டுப்போனதாகச் சொல்வதில்லை, கடைசிப்பெஞ்சு. எனிட் பிளைட்டனின் ஐவர் கதைகள், 1942இல் தொடங்கிய வரிசை, என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே முகாம் போட்டாலும் சமையலும் பாத்திரமும் ஆன் என்ற சிறுமியின் தலையில். ஜார்ஜினா தலைமுடியை வெட்டிக்கொண்டு “நான் ஜார்ஜ்” என்று நின்றால்தான் அவளுக்கு மரியாதை. போன வாரம் என் மகன் தங்கையிடம், “நீதான் ஆன், தட்டெல்லாம் நீ எடுத்து வை” என்றான். கதையை மட்டும்தான் பார்த்தானா?

கடைசிப்பெஞ்சு:
அது உங்கள் வளர்ப்பு. புத்தகத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

நிலாச்சோறு:
என் வளர்ப்பைப் பற்றிப் பேச உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

பனையோலை:
பிளைட்டனை எடுத்ததற்கு நன்றி, எனக்கு அதுவே போதும். 2010இல் ஐவர் கதைகளின் நடையை இக்காலத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். வாசகர்கள் ஏற்கவில்லை. 2016இல் பதிப்பகம் பழைய நடைக்கே திரும்பியது. டால் விஷயத்திலும் கூச்சல் எழுந்ததும் மாற்றாத பதிப்பும் கிடைக்கும் என்று பதினேழு புத்தகங்களை அறிவித்தார்கள். மூலத்தைத் தொட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஆசிரியர் வேறு, அயலார் வேறு. இதை எத்தனை முறை சொல்வது?

மரப்பாச்சி:
“யாரும்” என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், ஒரு முறை போதும்.

சரி, ஆசிரியர் திருத்தினால் தவறில்லை என்கிறீர்கள். லாரா இங்கல்ஸ் வைல்டர் 1935இல் எழுதிய புல்வெளி வீட்டுக் கதையில், அந்த நிலத்தில் மனிதர்களே இல்லை, செவ்விந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்று வரும். ஒரு வாசகர் எழுதிய கடிதத்தால் அது கண்ணில் பட்டது. அவர் தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். 1953 பதிப்பில் “மனிதர்கள்” போய், “குடியேறியவர்கள்” வந்தது. ஒரே ஒரு சொல். அதைச் சுட்டிக் காட்டிய வாசகருக்கும் வியாதியா?

பனையோலை:
மீண்டும் ஆசிரியர் செய்த திருத்தம்! என் கட்சிக்கே சாட்சி சேர்க்கிறீர்கள். சென்ற மாதம், ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

மரப்பாச்சி:
அந்த விவாதத்தை நீங்களே கிளப்புவது நல்லது. 1812 முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய், 1819இல்தான் மாற்றாந்தாய் ஆனாள் என்று எழுதினேன். “கேள்விப்பட்டதே இல்லை” என்றீர்கள். பிறகு பதிலே இல்லை.

பனையோலை:
வேலை இருந்தது. எல்லாருக்கும் பதில் எழுதிக்கொண்டிருப்பதா என் பிழைப்பு?

இன்னொன்று. மகளுக்கு வாசிக்கும்போது பிடிக்காத சொற்களை நீங்களே விழுங்கிவிடுவதாக முன்பு எழுதினீர்கள். பதிப்பகம் செய்ததை வீட்டுக்குள் செய்கிறீர்கள். அதற்குப் பெயர் தணிக்கை.

மரப்பாச்சி:
ஆமாம், விழுங்கினேன். “குண்டு” என்ற சொல்லை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். என் மகள் விரலை வரியில் வைத்துக்கொண்டே கேட்பவள். விரல் நகரவில்லை. “அம்மா, இங்கே ஒரு சொல் இருக்கிறது” என்றாள். திரும்பிப் போய் வாசித்தேன். அவள் வகுப்பில் அந்தச் சொல்லால் அழைக்கப்படும் ஒருவன் இருப்பதாகச் சொன்னாள். அன்று அரை மணி நேரம் பேசினோம், கதை அந்தப் பக்கத்தோடு நின்றது. அதன் பிறகு எந்தச் சொல்லையும் விடுவதில்லை. அதனால் புத்தகத்தில் குறையே இல்லை என்று ஆகிவிடாது.

நிலாச்சோறு:
பனையோலை, உங்கள் பிரதியில் அந்தக் குள்ளர்களின் தோல் எப்படி வருணிக்கப்பட்டிருக்கிறது? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். கடைசிப்பெஞ்சு, நீங்கள் சொன்னது இன்னும் அப்படியே நிற்கிறது.

பனையோலை:
பார்க்கவே வேண்டாம், மனப்பாடம். வெளுத்த தோல், பொன்னிறக் கூந்தல். என் தந்தை வாங்கிக் கொடுத்த பிரதி. கலப்படம் இல்லாத மூலம்.

மரப்பாச்சி:
அது 1973க்குப் பிந்திய பாடம். நீங்கள் மூலம் என்று கட்டிக் காப்பதே திருத்திய புத்தகம்தான்.

பனையோலை:
ஆசிரியர் கடைசியாக ஒப்புக்கொண்ட வடிவம் எதுவோ அதுவே மூலம். அதற்குப் பிறகு 2023 வரை யாரும் தொட்டதில்லை.

மரப்பாச்சி:
“அதற்குப் பிறகு” என்பது நேற்றைய வரியில் இல்லை.

பனையோலை:
புரிந்துகொள்ளக்கூடியவர்களுக்காக எழுதியது.

கடைசிப்பெஞ்சு:
நான் எதையும் திரும்பப் பெறப்போவதில்லை.

நிலாச்சோறு:
உங்கள் பிரதியின் உள்பக்கத்தில் இருக்கும் ஆண்டைப் படம் பிடித்துப் போடுங்கள், பனையோலை. இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்.

பனையோலை:
முதலில் “யாரும்” என்ற சொல்லுக்கு அகராதியைப் பாருங்கள்.