மிச்சமான சிக்கனை வெச்சு சட்டுனு ஒரு சாப்பாடு – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

போன வாரம் ஒரு நாள் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர ராத்திரி எட்டரை ஆயிடுச்சு, பசங்க ரெண்டு பேரும் பசியில சுருண்டு உக்காந்திருக்காங்க, ஃப்ரிட்ஜைத் திறந்தா முந்தின நாள் ராத்திரி ஓவன்ல வாட்டின சிக்கன்ல ஒரு லெக் பீஸும் பாதி ப்ரெஸ்ட் பீஸும் டப்பாவுல இருக்கு, கூட நாலு முட்டை, ஒரு வெங்காயம், பாதி குடைமிளகாய், அவ்ளோதான். இதே மாதிரி மிச்சத்தை எத்தனையோ தடவை அப்படியே மைக்ரோவேவ்ல வெச்சு சூடு பண்ணிக் குடுத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் ப்ரெஸ்ட் பீஸ் நார் நாரா ரப்பர் மாதிரி ஆயிடும், சின்னவ மென்னு மென்னு பாத்துட்டு முழுங்க முடியாம தட்டோரத்துல ஒதுக்கிடுவா. பசியோட இருக்கிற புள்ள சாப்பாட்டை ஒதுக்குறதைப் பாக்கறப்ப மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும்.

அன்னைக்குத்தான் மாத்தி செஞ்சேன். ஏற்கனவே வெந்த கறியை நாம மறுபடி வேக வைக்கவே கூடாது, சூடு மட்டும்தான் ஏத்தணும், இது புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு. முதல் தடவை வேகும்போதே கறி சுருங்கி தன் தண்ணியில கொஞ்சத்தை வெளியே விட்டுடும், திரும்ப ரொம்ப நேரம் அடுப்புல வெச்சா மிச்சம் இருக்கிற ஈரமும் போயிடும், அதனாலதான் அந்த ரப்பர் பதம். அதனால மத்ததெல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியாதான் சிக்கன் உள்ளே போகணும்.

ஒரு அடுப்புல நூடுல்ஸ் வேக போட்டேன், அது வேகுற நேரத்துல சிக்கனை கையால பிச்சேன். கத்தியால வெட்டாதீங்க, விரலால நார் ஓடுற திசையிலயே உரிச்சா மெல்லிசா இழை இழையா வரும், நூடுல்ஸோட சுத்திக்கும், மெல்லவும் கஷ்டமா இருக்காது. இன்னொண்ணு, டப்பாவோட அடியில பழுப்பா ஜெல்லி மாதிரி உறைஞ்சு கிடக்கும் பாருங்க, அதை கொழுப்புன்னு நெனச்சு இத்தனை நாள் சிங்க்ல கழுவி ஊத்திட்டு இருந்தேன். அது கொழுப்பு இல்லைங்க, தோல்லயும் எலும்பு பக்கத்துலயும் இருந்து இறங்கின சாறு, ஆறினதும் அப்படி உறைஞ்சு நிக்குது, மொத்த ருசியும் அதுலதான் இருக்கு. வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் வதக்கி முட்டையை ஊத்திக் கிளறி, நூடுல்ஸ் போட்டு, வெந்த தண்ணி அரை கப் விட்டு, அந்த ஜெல்லியை வழிச்சு போட்டேன், சூடு பட்டதும் உருகி எல்லாத்துலயும் பளபளன்னு ஒட்டிக்கிச்சு. அப்புறம் சிக்கனைப் போட்டு பிரட்டி, மூடி போட்டு மூணு நிமிஷம், உள்ளே ஆவி பறக்க நல்லா கொதிச்சதும் மிளகு தூவி இறக்கிட்டேன். மொத்தமே இருபது நிமிஷம். சின்னவ இன்னும் கொஞ்சம் போடும்மான்னு தட்டை நீட்டினா. நீங்கல்லாம் மிச்சத்தை என்ன பண்றீங்க, சொல்லுங்க.

——

அக்கா, அந்த ஜெல்லி விஷயம் ரொம்ப உண்மை, நானும் அதை தூக்கிப் போட விடமாட்டேன். ஆனா நான் எங்க வீட்ல நடந்த ஒண்ணை சொல்லணும், படிக்கிற யாருக்காவது உதவும். ரெண்டு வருஷம் முன்னாடி சொந்தக்காரங்க வந்துட்டுப் போன அன்னைக்கு ஒரு பெரிய பாத்திரம் சாதமும் கொஞ்சம் சிக்கனும் மிச்சம், சூடா இருக்கு காலையில எடுத்து வெச்சுக்கலாம்னு அடுப்பு மேலயே மூடி வெச்சுட்டு படுத்துட்டோம். காலையில மோந்து பாத்தேன், வாடை எதுவும் இல்ல, சரின்னு நல்லா பெரிய தீயில ஆவி பறக்க ஃப்ரைட் ரைஸ் போட்டேன். சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரத்துல எனக்கும் அப்பாவுக்கும் வாந்தி, அப்பாவுக்கு எழுந்து நிக்கவே முடியல, ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போய் குளுக்கோஸ் ஏத்தி சாயங்காலம்தான் கூட்டிட்டு வந்தேன். அவர் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த அந்த நேரத்தை இன்னைக்கும் மறக்க முடியல.

அவ்ளோ சூடு பண்ணேனே டாக்டர்னு கேட்டதுக்கு, சூடு பண்ணா கிருமி சாகும்பா, அது ஏற்கனவே விட்டு வெச்ச நஞ்சு போகாதுன்னார். சாதத்துல பேசில்லஸ் செரியஸ்னு ஒரு கிருமி உண்டு, அதோட விதை மாதிரியான வித்துகள் கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது, வெளியே மணிக்கணக்கா கிடந்தா முளைச்சுப் பெருகி நஞ்சை விட்டுடும், அந்த நஞ்சை எவ்ளோ கொதிக்க வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. வாடை வரலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமே இல்லைங்க, வாடை குடுக்கிற கிருமி வேற, நோய் குடுக்கிற கிருமி வேற.

அதுல இருந்து எங்க வீட்ல சமைச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள சாதமோ கறியோ ஃப்ரிட்ஜுக்குள்ள போயாகணும். பெரிய பாத்திரத்தோட வெச்சா நடுவுல சூடு இறங்கவே பல மணி நேரம் ஆகும், அதனால தட்டையான ரெண்டு மூணு டப்பாவுல பரப்பி வெச்சுடுவேன். ஃப்ரிட்ஜ் உள்ளே 4 டிகிரியோ அதுக்கு கீழயோ இருக்கணும், சிக்கனை 3, 4 நாளைக்கு மேல வெச்சுக்கறதில்ல, திரும்ப எடுத்தா நடுவுல 74 டிகிரி வர்ற வரைக்கும் சூடு, அதுக்குன்னே குத்திப் பாக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். ஒரு தடவை சூடு பண்ணதை மறுபடி உள்ளே வைக்கறதில்ல, அதனால தேவையான அளவு மட்டும்தான் எடுப்பேன்.

ஃப்ரைட் ரைஸை விட்டுடலை, ஃப்ரிட்ஜ்ல இருந்த சாதத்துலதான் நல்லாவே வரும், குளிர்ல பருக்கை இறுகிடும், அதனால குழையாம பொலபொலன்னு தனித்தனியா நிக்கும். சிக்கன் கடைசியில, அக்கா சொன்ன மாதிரியேதான்.

——

தம்பி, அப்பா இப்ப நல்லா இருக்காருன்னு நெனக்கிறேன், படிக்கும்போதே வயித்தைக் கலக்குது.

நான் எலும்பைப் பத்தி சொல்றேன், ஏன்னா எல்லாரும் கறியை மட்டும் பிச்சு எடுத்துட்டு எலும்பை குப்பையில போடறதைப் பாத்தா எனக்கு தாங்காது. கறி வெதுவெதுப்பா இருக்கும்போதே எலும்புல இருந்து உரிச்சுடுங்க, ஜில்லுனு ஆனப்புறம் உரிச்சா பாதி எலும்போடயே ஒட்டிக்கும். எலும்பை ஒரு கவர்ல கட்டி ஃப்ரீசர்ல போட்டு வைப்பேன், ரெண்டு மூணு தடவை சேர்ந்ததும் ஒரு லீவு நாள்ல பச்சைத் தண்ணியில போட்டு, ஒரு வெங்காயம், ஒரு கேரட், நாலு மிளகு, சின்ன தீயில ரெண்டு மணி நேரம். பக்கத்துல நிக்க வேண்டாம், துணி மடிச்சுக்கிட்டே பண்ணலாம். தளதளன்னு கொதிக்க விடாதீங்க, கொழுப்பு தண்ணியில கலந்து கலங்கிப் போயிடும், ஓரத்துல மட்டும் சின்னச் சின்ன குமிழ் வந்தா போதும். வடிகட்டி தட்டையா ஊத்தி ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சா மறுநாள் அசைச்சா ஆடும், அப்படி ஆடினா எலும்புல இருக்கிறது நல்லா இறங்கியிருக்குன்னு அர்த்தம்.

என் பொண்ணு பரீட்சை நேரத்துல எதையும் சாப்பிட மாட்டா, வாயில வெச்சாலே குமட்டுதும்பா. அந்தத் தண்ணியில உருளைக்கிழங்கை வேக வெச்சு பாதியை மசிச்சு விட்டு, கெட்டியானதும் ஒரு கைப்பிடி பிச்ச சிக்கன், மிளகுத்தூள். புத்தகத்தை மடியில வெச்சுக்கிட்டே ரெண்டு கிண்ணம் குடிச்சுடுவா, அதுக்கு அப்புறம்தான் எனக்கு தூக்கம் வரும்.

——

எனக்கு ஒரு சந்தேகம், மறுநாள் சூடு பண்ணா சிக்கன்ல ஒரு மாதிரி பழைய எண்ணெய் வாடை, அட்டைப்பெட்டி வாடை மாதிரி வருது. கெட்டுப்போச்சான்னு பயந்து ரெண்டு தடவை கொட்டிட்டேன். உங்களுக்கெல்லாம் வராதா?

——

வரும்ங்க. சரியா எடுத்து வெச்சிருந்தா அது கெட்டுப்போன வாடை இல்ல, நானும் இதுக்காகவே தேடித் தேடி படிச்சேன். 1958-ல டிம்ஸ், வாட்ஸ்னு ரெண்டு பேர் ஆராய்ச்சிக் கட்டுரையில இதுக்கு தனியா பேரே வெச்சிருக்காங்க. கறி வேகும்போது அதுல இருக்கிற இரும்புச்சத்து கட்டு விட்டு வெளியே வருது, அது கொழுப்போடயும் காத்தோடயும் சேர்ந்து கொழுப்பை கெடுக்க ஆரம்பிக்குது. மாட்டுக்கறியை விட கோழியோட கொழுப்பு காத்துல சீக்கிரம் மாறுற வகை, அதனால இதுல அந்த வாடை சட்டுனு தெரியும்.

நான் ரெண்டு விஷயம் மாத்தினேன், ரெண்டுமே பலன் குடுத்துச்சு. ஒண்ணு, காத்து படாம வைக்கறது, சின்ன டப்பாவுல அமுக்கி, இருக்கிற சாறை மேல ஊத்தி மூடறது. இன்னொண்ணு, வெறுமனே சூடு பண்ணாம வெங்காயம், பூண்டு, தக்காளி மாதிரி ஏதாவது ஈரமான மசாலாவுல போடறது, அதுல அந்த வாடை அமுங்கிடும். இல்லைன்னா சூடே பண்ணாதீங்க! ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சிக்கனை பொடிப்பொடியா பிச்சு, மயோனைஸ், பொடியா நறுக்கின வெங்காயம், மிளகு, கொஞ்சம் எலுமிச்சை, ரெண்டு ப்ரெட்டுக்கு நடுவுல. என் வீட்டுக்காரர் ஆபீஸ் டப்பாவுக்கு இதுதான் கேக்கறார், ஆனா ஐஸ் பேக் வெச்சுத்தான் குடுத்து விடுவேன்.

——

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்தத் தம்பி எழுதினதைப் படிச்சுட்டு அன்னைக்கே ஃப்ரிட்ஜை செக் பண்ணேன், மேல் தட்டுல 9 டிகிரி காட்டுது, பின்னாடி சாமானை அடைச்சு வெச்சதுல குளிர்காத்து வர்ற ஓட்டை மறைஞ்சிருந்துச்சு, எடுத்து ஒழுங்கு பண்ணி திருகியை கூட்டி வெச்சேன், காலையில 4-க்கு வந்துடுச்சு.

நேத்து ராத்திரி மிச்சம் ஒரே ஒரு லெக் பீஸ்தான். தக்காளி, பூண்டு நல்லா வதக்கி, அது சுண்டி எண்ணெய் பிரியுற நேரத்துல பிச்ச சிக்கனைப் போட்டு ரெண்டு பிரட்டு பிரட்டி, ஆம்லெட்டுக்கு நடுவுல வெச்சு மடிச்சுட்டேன். மூணு பேருக்கு சரியா இருந்துச்சு. எலும்பு இப்ப ஃப்ரீசர்ல கவர்ல இருக்கு, இன்னும் ரெண்டு தடவை சேரட்டும்னு தேதி எழுதி ஒட்டி வெச்சிருக்கேன்.