பணிப்பலகையில் அந்தப் பெயர்க் கட்டம் எதற்கு?

கரிக்கோல்:
நாற்சந்தி நேற்று வேறோர் இழையில் எழுதியது இது: "ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட விக்கியைக் குழுவாகப் பராமரிக்கப் பேச்சுப் பக்கம் (கட்டுரையோடு இணைந்த விவாதப் பக்கம்) போதாது. பணிகளைப் பட்டியலிட்டு நிலையைக் காட்டும் பணிப்பலகை மென்பொருள் வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பாளர் பெயர் வேண்டும்." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பலகை வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் பெயரை எழுதும் அந்தப் பெயர்க் கட்டம் எதற்கு? ஒரு கட்டுரைக்கு எதிரே ஒருவர் பெயரை எழுதிய மறுகணம் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். பெயர் எழுதியவர் மூன்று மாதம் காணாமல் போகிறார். கட்டுரை அப்படியே கிடக்கிறது. நான் பராமரிக்கும் விக்கியில் இதைக் கண்ணால் கண்டேன். விக்கியில் எந்தக் கட்டுரைக்கும் யாரும் உரிமையாளர் அல்லர் என்பது விக்கிப்பீடியா எழுதியே வைத்திருக்கும் கொள்கை.

நாற்சந்தி:
பொறுப்பாளர் என்றேன், உரிமையாளர் என்று எங்கே சொன்னேன்? விக்கிமீடியாவின் மென்பொருள் பணிகள் 2014இல் பக்சில்லா என்ற வழு கண்காணிப்பு மென்பொருளிலிருந்து ஃபேப்ரிகேட்டர் என்ற பணி மேலாண்மை மென்பொருளுக்கு மாறின. அங்கே ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பாளர் பெயரை எழுத இடம் உண்டு, பணிகளை நிலைவாரியாக அடுக்கும் பலகை உண்டு. வேலை நடக்கிறது. எங்கள் குழுவில் மூன்று பேர் ஒரே கட்டுரையை ஒரே இரவில் திருத்தி எழுதினார்கள். இரண்டு பேருடைய உழைப்பு வீணானது. ஒரு பெயர் முன்பே தெரிந்திருந்தால் அது நடந்திருக்காது.

கரிக்கோல்:
ஃபேப்ரிகேட்டரில் இருப்பவை நிரல் வழுக்கள் போன்ற மென்பொருள் பணிகள். ஒரு வழுவைத் திருத்தினால் பணி மூடப்படும். கட்டுரை எந்நாளும் மூடப்படாது. இந்த வேறுபாடு தெரியாமல் பெயர்க் கட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவது சரியா? மூன்று பேர் எழுதினார்கள் என்கிறீர்கள். இருவர் வெவ்வேறு பத்திகளை மாற்றினால் விக்கியை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் தானே இணைத்துவிடும். ஒரே இடத்தில் கைவைத்தால்தான் தொகுத்தல் முரண் வரும். மூவரும் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே.

வார்ப்புருத்தச்சன்:
கரிக்கோல் ஒன்றை மறந்துவிட்டார். ஆங்கில விக்கிப்பீடியாவில் "பயன்பாட்டில் உள்ளது" என்று ஒரு வார்ப்புரு (பக்கத்தில் ஒட்டும் ஆயத்தப் பெட்டி) உண்டு. பெரிய திருத்தம் செய்பவர் அதைப் பக்கத்தின் தலையில் ஒட்டிவிட்டு, மற்றவர்கள் சற்றுப் பொறுக்கும்படி கேட்கிறார். அதுவும் பெயர் எழுதுவதுதான். பத்தாண்டுக்கும் மேலாக நடக்கிறது. எந்த விக்கியும் அதனால் அழியவில்லை.

கரிக்கோல்:
அது பெயர் எழுதுவது அன்று! அது ஓர் அறிவிப்பு. பல மணி நேரம் யாரும் தொகுக்காவிட்டால் எடுத்துவிடுங்கள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. காலக்கெடு அதன் உடலிலேயே இருக்கிறது. நாற்சந்தி கேட்கும் கட்டத்தில் காலக்கெடு எங்கே?

வார்ப்புருத்தச்சன்:
ஒட்டியவர் பெயர், யார் எப்போது திருத்தினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே அது பெயர்தான்.

கரிக்கோல்:
வரலாற்றுப் பக்கத்தில் எல்லோர் பெயரும் இருக்கிறது. காற்புள்ளி திருத்தியவர் பெயரும் இருக்கிறது. அவர்களெல்லாம் பொறுப்பாளர்களா?

மேகலை:
ஆங்கில விக்கிப்பீடியாவின் நல்ல கட்டுரைத் தேர்வில் மதிப்பாய்வை ஏற்பவர் பெயர் பட்டியலில் வெளிப்படையாகவே நிற்கிறது. விக்கி நிகழ்ச்சிகளுக்காக உள்ள புரோகிராம்ஸ் அண்ட் ஈவென்ட்ஸ் டாஷ்போர்டு என்ற இணையக் கருவியில் பங்கேற்பவர் தான் எழுதப்போகும் கட்டுரையைத் தன் பெயரில் சேர்த்துக்கொள்ளலாம். புதியவர்கள் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைத்து நிற்கும்போது "இது உன்னுடையது" என்று ஒரு கட்டுரையைக் கொடுத்தால் அவர்கள் எழுதுகிறார்கள். நான் பயிற்சி கொடுத்தவள். பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலைக் காட்டி "இதைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்றால் மறுநாள் வருவதில்லை.

கரிக்கோல்:
மேகலை, பயிற்சி வேறு, பராமரிப்பு வேறு. பயிற்சிக்கு முடிவு நாள் உண்டு. மதிப்பாய்வாளரும் கட்டுரையைப் படித்துத் தீர்ப்புச் சொல்கிறவர். கட்டுரையைத் தன் பெயரில் வைத்துக்கொள்கிறவர் அல்லர். நான் கேட்பது ஒரே கேள்வி. ஓராண்டுக்கு முன் பெயர் எழுதிவிட்டுப் போனவரின் கட்டத்தை யார் அழிப்பது? அழித்தால் அவர் சண்டைக்கு வருவார். எனக்கு வந்தார்.

நிருவாகி_ஓய்வு:
சண்டைக்கு வந்தது நான்தான் என்று சொல்லிவிடுங்களேன். என் பெயரை அழிக்கும் முன் என் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி கேட்டிருக்கலாம். நோயில் படுத்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நான் பாதி சேகரித்த மேற்கோள்களை (கட்டுரைக்கான சான்றுகளை)க் காணவில்லை.

கரிக்கோல்:
நீங்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்களே சொல்லிவிட்டதால் கேட்கிறேன். மேற்கோள்களை உங்கள் தனி வரைவுப் பக்கமான மணல்தொட்டியில் வைத்திருந்தால் யார் தொட்டிருப்பார்கள்? பக்கத்தைப் பூட்டிவைத்தது போல ஐந்து மாதம் வைத்திருந்தீர்கள்.

நிருவாகி_ஓய்வு:
நான்கு மாதம்.

கரிக்கோல்:
வரலாற்றுப் பக்கத்தைப் பாருங்கள். ஐந்து.

நாற்சந்தி:
இதற்குத்தான் மென்பொருள் வேண்டும் என்கிறேன். பலகையில் இருந்தால் நான்கா ஐந்தா என்று இருவரும் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இத்தனை நாள் அசைவில்லை என்றால் பெயரைத் தானியங்கியே (தானாக வேலை செய்யும் நிரல்) விடுவித்துவிடும். ஒரு நாள் வேலை அது.

கரிக்கோல்:
அப்படியானால் பெயர்க் கட்டம் தானாக அழிய வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். இன்னொன்றையும் கேளுங்கள். ஃபேப்ரிகேட்டரை உருவாக்கிய நிறுவனம் 2021இல் அதைப் பராமரிப்பதை நிறுத்திவிட்டது. குழுவின் நினைவை வெளியே கொண்டுபோய் ஒரு மென்பொருளில் வைத்தால் கதி இதுதான். பேச்சுப் பக்கம் விக்கிக்குள்ளேயே இருக்கிறது, விக்கியோடு சேர்ந்தே காப்பு நகலாகிறது.

வார்ப்புருத்தச்சன்:
பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விடாதீர்கள். அது திறந்த மூலம் என்பதால் ஃபோர்ஜ் என்ற பெயரில் தன்னார்வலர்கள் தொடர்கிறார்கள். யாருடைய பணியும் காணாமல் போகவில்லை.

மேகலை:
பேச்சுப் பக்கத்தை இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்களே, பாதி முடிவுகள் அங்கேயா எடுக்கப்படுகின்றன? அரட்டைக் குழுவில் நான்கு பேர் பேசி முடித்துவிட்டு, பேச்சுப் பக்கத்தில் "ஒருமித்த கருத்து" என்று எழுதுகிறார்கள். வெளியே நிற்பவருக்குக் காரணமே தெரிவதில்லை. பெயர்க் கட்டத்தைவிட எனக்கு இதுதான் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

நிருவாகி_ஓய்வு:
அந்த நான்கு பேரில் கரிக்கோலும் ஒருவர்.

கரிக்கோல்:
இருந்தேன். எதை முடிவு செய்தாலும் பேச்சுப் பக்கத்தில் எழுதாமல் விட்டதில்லை. தலைப்பை மாற்றாதீர்கள். ஒரு துறையின் கட்டுரைகளைச் சேர்ந்து கவனிக்கும் குழுக்களான விக்கித்திட்டங்களை ஒழுங்குபடுத்தவே விக்கித்திட்டம் எக்ஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். அதிலிருந்து கொலாபரேஷன்கிட் என்ற மீடியாவிக்கிக் கூடுதல் மென்பொருள் வந்தது. நல்ல எண்ணத்தோடு செய்தார்கள், ஆனால் பரவலாக வேரூன்றவில்லை. பேச்சுப் பக்கத்தின் இடத்தைப் பிடிக்க வந்த ஃப்ளோவும் நிலைக்கவில்லை. பின்னால் வந்த உரையாடல் கருவிகள் ஏன் நிலைத்தன? பழைய பேச்சுப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அதில் "பதிலளி" என்ற பொத்தானை மட்டும் வைத்தார்கள். தொகுப்பவர்களின் பழக்கத்தோடு ஒட்டிப்போனது நின்றது. மேலிருந்து இறங்கியது போனது. உங்கள் பெயர்க் கட்டம் மேலிருந்து இறங்குவது.

நாற்சந்தி:
பராமரிப்புக் குழு கேட்டு வாங்குவது எப்படி மேலிருந்து இறங்குவதாகும்? மேற்கோள் இல்லாத கட்டுரைகளின் பகுப்பைத் திறந்து பாருங்கள். தானியங்கி பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கிறது. யார் எதை எடுத்தார்கள் என்று தெரியாமல் எல்லோரும் எளிய கட்டுரைகளையே திருத்துகிறார்கள். கடினமானவை அடியில் கிடக்கின்றன. உங்கள் பேச்சுப் பக்கம் அதற்கு என்ன செய்தது?

கரிக்கோல்:
கடினமானவற்றில் ஒருவர் பெயரை எழுதினால் அவை எளிதாகிவிடுமா? பெயர் எழுதப்பட்ட கடினமான கட்டுரையை இன்னும் எவரும் தொடமாட்டார்கள். என் விக்கியில் இப்போதும் அப்படிப் பதினொரு கட்டுரைகள் கிடக்கின்றன.

வார்ப்புருத்தச்சன்:
அந்தப் பதினொன்றில் "பயன்பாட்டில் உள்ளது" வார்ப்புரு எத்தனையில் இருக்கிறது?

கரிக்கோல்:
இரண்டில். அது பெயர் அன்று என்று எத்தனை முறை சொல்வது?

வார்ப்புருத்தச்சன்:
பல மணி நேரத்தில் எடுக்க வேண்டியது இன்னும் ஏன் இருக்கிறது?

நிருவாகி_ஓய்வு:
என் பெயரை எடுக்கத் தெரிந்தவருக்கு அதை எடுக்கத் தெரியவில்லையா?

கரிக்கோல்:
இரண்டையும் இப்போதே எடுத்துவிட்டேன். பெயர்க் கட்டத்தை எடுக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நின்றிருப்பேன்.

நாற்சந்தி:
தானியங்கி என்றேனே, அதைப் படித்தீர்களா?