இரட்சணிய யாத்திரிகம்: ஆதி பருவத்திலேயே நின்றுவிடுகிறது, எப்படி வாசிப்பது?

பொருநைக்கரை:
ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணத்தை உரைநடைத் தமிழில் முழுக்க வாசித்தாயிற்று. அதே கதையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியமாகப் பாடியதை எடுத்தால் முதல் பிரிவான ஆதி பருவம் தாண்டவில்லை. கதை தெரிந்தும் பாட்டு பிடிபடவில்லை. வரிசையாகத்தான் போகவேண்டுமா? உரை இல்லாமல் சமாளிக்க வழி உண்டா?

விருத்தப்பித்தன்:
வரிசை வேண்டாம். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவம், மொத்தம் 3766 பாட்டு. தினம் பத்து வைத்தாலும் ஓராண்டுக்கு மேல் இழுக்கும். குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை முதலில் எடுங்கள். இயேசு பிடிபட்டு விசாரிக்கப்படும் இடம். சுவிசேஷம் தெரிந்தவருக்குக் கதைக்காகத் தடுமாற வேண்டியிராது. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இதன் ஒரு பகுதி சொற்பொருளோடு இருக்கிறது, அதுவே இலவச உரை.

பாட்டைப் பிரிக்க ஒரு முறை: முதலில் எதுகையைப் பாருங்கள். சரிதப் படலத்துப் பாட்டு ஒன்றில் வருவதுபோல் அடிகளின் முதல் சொற்கள் பாசம், நீச, நேசம், ஈசன் என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் நான்கு அடியும் எங்கே தொடங்குகின்றன என்று தெரிந்துவிடும். அடுத்து வினைமுற்றைத் தேடுங்கள். இந்தப் பாட்டில் இயேசுவின் செயலைச் சொல்லும் முற்று நான்காம் அடியில்தான் வருகிறது: 'ஈசன்மகன் நின்றனர்'. யார், என்ன செய்தார் என்பது கிடைத்தபின் மேலே உள்ள அடைமொழிகளைக் கோத்துக்கொள்ளலாம். மேலிருந்து சொல் சொல்லாக அர்த்தம் பண்ணப் போனால்தான் சிக்கும். 'பாசம் என உன்னலிர்' என்பதில் பாசத்தை அன்பு என்று எடுத்தால் பாட்டே தலைகீழாகிவிடும். இங்கே அது கயிறு. அவரைக் கட்டியது கயிறு என்று எண்ணாதீர்கள், பகைத்தவர்மேல் அவர் வைத்த நேசமே கட்டியது என்கிறார் கவிஞர்.

ஏட்டுப்பூச்சி:
மேலே சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். சரிதப் படலம் பன்யனில் இல்லாத சேர்க்கை. அங்கே சிலுவையைக் கண்டதும் பயணியின் முதுகுச் சுமை கழன்று விழும், அவ்வளவுதான். ஆகவே அதை மட்டும் வாசித்தால் யாத்திரை புரியாது. உரைநடை நூலைப் பக்கத்தில் வைத்து, ஒரு நிகழ்ச்சியை அதில் வாசித்துவிட்டு அதற்குரிய படலத்துக்கு வாருங்கள். பாத்திரப் பெயர்கள் இரண்டிலும் வேறுபடும், ஒரு தாளில் இணை எழுதிக்கொள்ளுங்கள். பன்யனில் 1678இல் வந்த முதல் பாகம் போதும். மனைவி மக்கள் பயணமாகிற 1684ஆம் ஆண்டு இரண்டாம் பாகத்தைக் காப்பியத்தில் தேடாதீர்கள்.

விருத்தப்பித்தன்:
பெயர்ப்பட்டியல் நல்ல யோசனை, அதை எடுத்துக்கொள்கிறேன். வரிசையில் மட்டும் என் கருத்து மாறவில்லை. நடை பிடிபடாதவருக்கு யாத்திரை புரிந்து என்ன பயன்?

பனையோலை:
நடைக்குக் கம்பன் உதவுவான். கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர், 1858இல்தான் ஞானஸ்நானம் பெற்றார். அயோத்தியா காண்டத்தில் நூறு பாட்டை உரையோடு வாசித்துவிட்டு வந்தால் இவர் சந்தம் காதில் ஏறும். வடசொல் அதிகம், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை இணையத்தில் திறந்து வையுங்கள். இடையிடையே தேவாரம் என்ற பெயரில் வரும் பதிகங்களைத் தாண்டிவிடாதீர்கள். கதை அங்கே நகராது, ஆனால் வாய்விட்டுப் பாட நூலிலேயே சுகமான பகுதி அதுதான்.

பொருநைக்கரை:
சரிதப் படலத்திலிருந்தே தொடங்குகிறேன், பெயர்ப்பட்டியலோடு. சந்தி பிரித்த பதிப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.