இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரிகிறது. கேமரா கோளாறா, கரண்ட் கோளாறா?

அரைத்தூக்கம் கேட்டது:

தோட்டத்தில் பறவைகள் குளிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். பகலில் அணிலும் குருவியும் வரும். ராத்திரியில் வேறு யாரோ வந்து தண்ணீர் குடித்துவிட்டு, தொட்டியோர மண்ணையும் கிளறிவிட்டுப் போகிறார்கள். அது யாரென்று பார்க்க ஒரு வைஃபை கேமரா வாங்கி மாட்டினேன். 5 வோல்ட் யூஎஸ்பியில் ஓடுவது. அடாப்டர் வீட்டுக்குள் இருக்கிறது, அங்கிருந்து தொட்டி வரை 15 மீட்டர் யூஎஸ்பி ஒயர்.

பகலெல்லாம் பிரச்சினை இல்லை. வெளிச்சம் மங்கியதும் கேமராவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம், படம் கறுப்பு வெள்ளையாகிறது, இரண்டே விநாடியில் அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக உயிர் வந்து, மறுபடி டிக், மறுபடி அணைகிறது. விடிய விடிய இதே கதை. ரீசெட் செய்து பார்த்தேன், ரவுட்டரைக் கிட்டே நகர்த்தினேன், 2 ஆம்பியர் அடாப்டரும் போட்டுவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு பேட்டரியில் ஓடும் டிரெயில் கேமரா (விலங்கு வந்தால் மட்டும் விழித்துப் படமெடுப்பது) வாங்கிவிடலாமா?

இலைமறை:

திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கேமராவை வீட்டுக்குள் கொண்டுவந்து, அதோடு வந்த குட்டை ஒயரில் மாட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அரைத்தூக்கம்:

பார்த்தேன். இருட்டறையில் ஒரு மணி நேரமாக ஆடாமல் அசையாமல் ஓடுகிறது! அப்படியென்றால் ஒயரா? ஆனால் அது புது ஒயர் ஆயிற்றே.

கம்பிக்காரன்:

புது ஒயர்தான், ஆனால் மெல்லிசு. யூஎஸ்பி ஒயருக்குள் கரண்ட் போகும் கம்பி அரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலே பெரிது. ஓரளவு நல்ல ஒயரிலேயே மீட்டருக்கு 0.08 ஓம் இருக்கும். போக 15, வர 15, ஆக 30 மீட்டர். மொத்தம் ஏறக்குறைய 2.5 ஓம்.

பகலில் கேமரா 0.25 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒயரிலேயே 0.6 வோல்ட் போய்விடும், கேமராவுக்குக் கிடைப்பது 4.4. எப்படியோ ஓட்டிவிடும். இருட்டியதும் அந்த 'டிக்' கேட்கிறதே, லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பு ஒளியை (கண்ணுக்குத் தெரியாத ஒளி) பகலில் தடுக்கும் வடிகட்டி விலகும் சத்தம் அது. கூடவே அகச்சிவப்பு விளக்குகள் எரியும், கரண்ட் 0.6 ஆம்பியருக்கு எகிறும். இப்போது ஒயரில் போவது 1.5 வோல்ட், மிச்சம் 3.5. கேமரா அணையும். அணைந்ததும் விளக்கும் அணைவதால் வோல்ட் பழையபடி ஏறும், கேமரா திரும்ப விழிக்கும், இருட்டைப் பார்த்து மறுபடி விளக்கைப் போடும். கேமரா மேல் ஒரு குற்றமும் இல்லை. பெரிய அடாப்டர் போட்டதும் இதனால்தான் பலிக்கவில்லை, நெருக்கடி அடாப்டரில் இல்லை, வழியில்.

இலைமறை:

அடாப்டர் பக்கமே 6.5 வோல்ட் கொடுத்துவிட்டால்?

கம்பிக்காரன்:

வேண்டவே வேண்டாம். இரவுக்குச் சரியாக இருப்பது, கரண்ட் குறைவாக இழுக்கும் பகலில் 6 வோல்ட்டுக்கு நெருக்கமாகக் கேமராவுக்குப் போய்ச் சேரும். கேமரா புகைந்தால் மாற்ற வேண்டியதுதான்.

வழி இதுதான். வீட்டுக்குள் 12 வோல்ட் அடாப்டர், தோட்டம் வரை சாதாரண இரட்டைக் கம்பி ஒயர், தொட்டி அருகே நீர் புகாத டப்பாவுக்குள் 12-ஐ 5 ஆக்கும் ஸ்டெப் டவுன் போர்டு. அதே 3 வாட் வேலைக்கு 12 வோல்ட்டில் 0.3 ஆம்பியர்கூட ஆகாது, இழப்பும் அதற்கேற்பக் குறையும். வழியில் ஒரு வோல்ட் போனாலும் போர்டு 5-ஐ விடாமல் தரும். கேமராவை இணைக்கும் முன் போர்டின் திருகைத் திருப்பி, மல்டிமீட்டரில் 5.1 பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இதை மறந்து ஒரு கேமராவைக் கொன்றவன் சொல்கிறேன். அப்புறம், ஒயர் டப்பாவுக்குள் கீழிருந்து நுழையட்டும். நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் பிஓஇ கேமராவைச் சொல்லியிருப்பேன். ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் கரண்டும் போகும், 100 மீட்டர் வரை கவலையில்லை, வைஃபை தகராறும் கிடையாது.

அரைத்தூக்கம்:

மீட்டரை வைத்துப் பார்த்தேன். கேமரா முனையில் பகலில் 4.4. டிக் கேட்டதும் 3.7-க்கு விழுந்து, அணைந்ததும் மேலே ஏறுகிறது. கண்ணெதிரே நடக்கிறது! போர்டு வாங்கப் போகிறேன். ஒயரே இல்லாமல் சோலாரில் ஓட்ட முடியாதா?

கம்பிக்காரன்:

முடியும், ஆனால் நினைப்பதைவிடப் பெரிதாக வேண்டும். நாள் முழுக்க 3 வாட் என்றால் 72 வாட் மணி. 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம், அது 14 மணி நேரத்துக்கு மேல் வராது. நல்ல வெயில் நாலு மணி நேரம் கிடைத்தாலும் பேனல் குறைந்தது 18 வாட். மேகம், மரநிழல் எல்லாம் சேர்த்தால் 40 வைப்பது புத்திசாலித்தனம். 15 மீட்டருக்கு இத்தனை பாடு தேவையா?

வேலியோரம்:

டிரெயில் கேமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேரலையாக உட்கார்ந்து பார்க்க அது லாயக்கில்லை, பெரும்பாலான நேரம் தூங்கும். உடல் வெப்பம் குறுக்கே நகர்ந்தால்தான் விழிக்கும். அதனால் பாதைக்கு நேராக வைக்காமல் குறுக்காக வையுங்கள், நேரே வரும் விலங்கை அது தாமதமாகத்தான் உணரும். ஓணான், பாம்பு போன்றவை சுற்றுப்புறச் சூட்டிலேயே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் தூங்குவதுதான் அதன் பலமும், ஒரு செட் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும்.

பேட்டரியில் நான் பட்டது: சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான். எட்டைத் தொடராகப் போட்டால் 12-க்குப் பதில் 9.6. சில கேமராக்கள் இதையே 'பேட்டரி தீர்ந்தது' என்று எடுத்துக்கொள்ளும். பவர் பேங்க் இன்னும் மோசம். தூங்கும் கேமரா இழுப்பது ஒரு துளி கரண்ட், ஒன்றும் மாட்டவில்லை போல என்று பவர் பேங்க் தானே அணைந்துவிடும். ஒரு வாரம் காத்திருந்து போய்ப் பார்த்தேன், கார்டில் இருந்தது என் செருப்புக் காலின் ஒரே ஒரு படம்.

அரைத்தூக்கம்:

போர்டு மாட்டி மூன்று ராத்திரி ஆகிறது, ஒரு தடவைகூட அணையவில்லை. மண்ணைக் கிளறுவது முள்ளெலி! முன்னங்கால் இரண்டையும் தொட்டி விளிம்பில் தூக்கிவைத்துக் குடிக்கிறது. தண்ணீரைக் காலி செய்வது பக்கத்து வீட்டுப் பூனை.

இன்னொரு சந்தேகம். லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டிவிட்டது. இரவில் படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. தினமும் துடைக்க வேண்டியதுதானா?

வேலியோரம்:

கேமராச் சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். கேமராவில் உள்ள விளக்கை ஆப்பில் அணைத்துவிட்டு, தனியாக ஒரு அகச்சிவப்பு விளக்கை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். 850 நானோமீட்டர் விளக்கு தூரம் எட்டும், ஆனால் உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியும். 940 கண்ணுக்கே தெரியாது, எட்டும் தூரம் குறைவு. தொட்டி பக்கத்தில்தானே, 940 போதும். 12 வோல்ட்டில் ஓடுவதாகப் பார்த்து வாங்கினால் அதே ஒயரிலேயே எடுத்துவிடலாம்.

கம்பிக்காரன்:

போர்டுக்கு முன்னால் இருந்து எடுக்க வேண்டும். 5 வோல்ட் பக்கத்தில் மாட்டிவிடாதீர்கள்.