ஹீட்டருக்குள் கரப்பான் – உங்கள் அறையில் நேர்ந்ததையும் எழுதுங்கள்

லெனேசியா, பின்கட்டு அறை:
சென்ற ஜூலையில் நடந்தது இன்னும் மனத்தை உறுத்துகிறது. பத்துக்குப் பத்தடி அறையில் கட்டிலும் அடுப்பும் குளிர்பெட்டியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஜூலைக் குளிர்கால இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயில் ஹீட்டர் ஒருமுறை சூடேறி அணைந்தால் மறுபடி சூடேறாது. பழையதை என் தலையில் கட்டிவிட்டார் என்று எண்ணி, வீட்டுக்கார அக்காவிடம் முகத்துக்கு நேரே கடுமையாகப் பேசிவிட்டேன். அன்றிரவே அவர் தம் அறை ஹீட்டரைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் மின்வேலை தெரிந்த நண்பர் பிளக்கைப் பிடுங்கி, குமிழ் இருக்கும் மூடியைக் கழற்றியபோது, விரல் நகத்தளவுப் பழுப்புக் கரப்பான்கள் சிதறி ஓடின. சூட்டுக்கு ஏற்ப மின்சாரத்தை விட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் இரு தகடுகளுக்கு நடுவில் ஒன்று நசுங்கி, கருகி ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டியதும் ஹீட்டர் வேலை செய்தது. அன்றே ஒரு ஸ்பிரே புட்டியை முழுவதும் அடித்து, கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

சாட்ஸ்வர்த்:
தம்பி, கரப்பானாவது வெளிச்சம் கண்டால் ஓடிவிடும். டர்பனில் எங்களுக்குக் குளிர் பெரிதல்ல, மூட்டைப்பூச்சிதான் பாடு. பழைய மரக்கட்டில் ஒன்றை மலிவாக வாங்கினோம். மூன்றாம் வாரம், விடியற்காலையில் டார்ச் அடித்து மெத்தையின் தையலை விரித்துப் பார்த்தேன். மைத்துளி தெறித்தாற்போல் வரிசையாகக் கரும்புள்ளிகள், அவற்றின் நடுவே என் மகளின் இரத்தம் குடித்து உப்பிய ஒன்று நகர முடியாமல் கிடந்தது. அவளைப் பக்கத்து அறையில் படுக்க வைத்தேன். போர்வையோடு பூச்சியும் அங்கே போயிற்று; அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். ஸ்பிரே வீண் செலவு. என் மாமியார் கட்டிலின் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றிய பிறகே தூங்கினோம்.

லாடியம், பிரிட்டோரியா:
சாட்ஸ்வர்த் அக்கா சொல்வதில் பாதிதான் சரி. 50 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் மூட்டைப்பூச்சியும் முட்டையும் சாகும். ஆனால் கொதிநீர் எட்டாத மெத்தையின் உட்புறத்தையும் சுவர் வெடிப்பையும் என்ன செய்வது? முட்டைகள் பொரிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், ஒருமுறையோடு விடாமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். லெனேசியா தம்பி செய்ததைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஸ்பிரேயில் இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது. தெர்மோஸ்டாட் தகடு சேரும்போது பொறி கிளம்பும். கரப்பானுக்கு ஜெல் மருந்தைக் குளிர்பெட்டி மோட்டார் பக்கம் பொட்டுப் பொட்டாக வையுங்கள், அது வெதுவெதுப்பைத் தேடித்தான் வருகிறது. பூச்சி வருகிறதென்று ஜன்னல் இடுக்குகளை அடைப்பவர்கள், அறைக்குள் எரிவாயு ஹீட்டரையோ துளையிட்ட தகர டின்னில் கரி எரிக்கும் இம்பாவுலாவையோ வைக்கவே கூடாது. நான் அப்படி அடைத்த அறையில்தான் ஹீட்டரின் சுடர் நீலம் மாறி மஞ்சளாக எரிவதைத் தலைவலியோடு பார்த்துக்கொண்டு, எழ முடியாமல் கிடந்தேன். மைத்துனர் கதவை உடைத்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை. காற்றில்லாமல் எரியும்போது கிளம்பும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

லெனேசியா, பின்கட்டு அறை:
அண்ணா, ஸ்பிரேயை வெளியே வைத்துவிட்டேன். ஜெல் வாங்குகிறேன். வீட்டுக்கார அக்காவின் ஹீட்டரை மறுநாள் மாலையே திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்கவில்லை.